மாடி வீட்டு மயக்க டாக்டர்

எங்கள் மாடியில் குடியிருக்கும் அம்மாளை டாக்டர் என்று ஒப்புக்கொள்ளவே எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. வீடு பார்க்க வந்த அன்று, ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் என்று சொல்லிக்கொண்டார். அறுக்கிறவர் வேறு, இவர் ஊசியைப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பவர் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். என் முழங்கால் வலிக்கு மாத்திரை எழுதித் தருவாரா என்று கேட்டுப் பார்த்தேன். நல்ல டாக்டர் ஒருவரைச் சொல்கிறேன் என்றார். அதற்குப் பிறகு அவரை டாக்டர் என்று எப்படி நினைப்பது?

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தெருவில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் குட்டு வாங்கியவர்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்தினேன். கிளட்ச் வாத்தியார் என்றால் எல்லோருக்கும் தெரியும். கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அது பொய். மூக்கு முழுவதும் இருந்தது. ஸ்கூலை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்ததும் அதிகாரம் செய்ய வேறு ஆள் கிடைக்காததால், தண்ணீர் மோட்டாரைப் பிடித்துக்கொண்டேன். மோட்டார் சுவிட்சுக்கு ஒரு இரும்புப் பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, சாவி என் இடுப்பில். நான் எழுந்து, பல் விளக்கி, டீ குடித்த பிறகுதான் மோட்டார் ஓடும். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மாடி டாக்டரோ விடிவதற்கு முன்பே கிளம்புகிறவர். தொட்டியில் தண்ணீர் இல்லாத நாட்களில் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்து, எங்கள் பின்பக்கக் குழாயில் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போவார். சண்டைக்கு வருகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். சண்டைக்கு வராதவரை என்ன செய்வது? அந்த மௌனத்தையே திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரி அப்படி இல்லை. மாடிக்குப் போவாள், வருவாள், வந்து கதை சொல்வாள். டாக்டரின் கணவர் கப்பலில் இன்ஜினியர், வருடத்தில் பாதி நாள் கடலில் இருக்கிறார். அப்பா தையற்கடைக்காரர், ஒரு முழம் துணிகூட வீணாகாமல் வெட்டுவாராம். அந்தப் புத்தி மகளுக்கும் வந்திருக்கிறது. மருந்தை அளந்து அளந்து போடுவதால் கூட வேலை பார்க்கும் டாக்டர்கள் இவருக்கு வைத்த பெயர் 'சொட்டு டாக்டர்'.

இதை எல்லாம் நான் செய்தித்தாளைப் பார்த்தபடி கேட்பேன், கேட்காத மாதிரி. ஒரு கதைக்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு பெண்ணுக்குப் பிரசவ ஆபரேஷன். இவர்தான் முதுகில் ஊசி போட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தை வெளியே வரும்வரை பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். சில மாதம் கழித்துக் கடைவீதியில் பார்த்த அந்தப் பெண், "உங்களை எங்கேயோ பாத்திருக்கேனே, பேங்க்ல வேலை பாக்குறீங்களா?" என்று கேட்டாளாம். இவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். ஆபரேஷன் முடிந்தால் நன்றி எல்லாம் அறுத்தவருக்குப் போகும். மயக்கம் கொடுத்தவரைத் தேடி ஒரு ஆள் வந்ததில்லை என்று வீட்டுக்காரி வருத்தத்தோடு சொன்னாள். வேலை அப்படி, என்றேன் நான்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கியது என் மோட்டாராலேயே. மாடி டாக்டர் லீவில் இருந்த ஒரு நாள் காலை சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்துபோனேன். தொட்டி நிரம்பி மாடிப்படி வழியாகத் தண்ணீர் கொட்டியது. மாடியில் குழாயைத் திறந்து போட்டிருக்கிறார், இன்றைக்கு விடுவதில்லை என்று படியேறப் போனேன். இரண்டாவது படியிலேயே கால் வழுக்கிவிட்டது. இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

நுணல்தான் தன் வாயால் கெடும், நான் என் வாயால் பிழைத்தேன். நான் கத்திய கத்தலில் முதலில் ஓடி வந்தது மாடி டாக்டர்தான். வழிந்துகொண்டிருந்த தண்ணீரிலேயே உட்கார்ந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். காலை யாரும் தூக்காதீர்கள், பலகை கொண்டு வாருங்கள் என்று அக்கம்பக்கத்தாரிடம் சொன்னார். மோட்டார் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. அவரே எடுத்துக் கொடுத்து நிறுத்தச் சொன்னார்.

தொடை எலும்பு, இடுப்பில் சேரும் இடத்தில் முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தால் எழுந்து நடக்கலாம். செய்யாவிட்டால் படுக்கைதான். இந்த வயதில் படுத்தவன் நெஞ்சில் சளி கட்டி அப்படியே போய்ச் சேருவான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அறுங்கள் என்றேன். அப்போதுதான் என் இதயம் குறுக்கே வந்து நின்றது. ஏற்கெனவே ஒரு தடவை அடைப்பு வந்து, மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்த இதயம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த பெரிய ஆஸ்பத்திரியில், பம்ப் பாதி பலத்தில்கூட இல்லை, ஆபரேஷன் டேபிளிலேயே போய்விடலாம் என்று கையை விரித்துவிட்டார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வீட்டில் வைத்து என்ன பார்ப்பது? நான் சாவதையா?

அன்று சாயங்காலம் மாடி டாக்டர் வந்து என் ஸ்கேனை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு மாற்றுங்கள், எலும்பு டாக்டரோடும் இதய டாக்டரோடும் தான் பேசுவதாகச் சொன்னார். ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. ஆபத்து இருக்கிறது, ஆனால் சும்மா படுத்திருப்பதில் இருக்கும் ஆபத்து இதைவிடப் பெரியது என்றார். பூசி மெழுகாத அந்தப் பேச்சில்தான் எனக்கு முதன்முதலாக அவர் மேல் ஒரு மரியாதை வந்தது.

எலும்பு டாக்டரைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. என்னிடம் கார் கற்றுக்கொண்ட பையன். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் கம்பத்தில் இடித்ததற்காக நடுரோட்டில் தலையில் குட்டியிருக்கிறேன். அவரும் மறந்திருக்கவில்லை என்பது சிரிப்பிலேயே தெரிந்தது.

என் சிக்கலை மாடி டாக்டர் பொறுமையாக விளக்கினார். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகுத் தண்டில் ஒரு ஊசி போடுவார்கள். அந்த மருந்தை வழக்கமான அளவு போட்டால் வலி சுத்தமாகத் தெரியாது. ஆனால் கீழே உள்ள ரத்தக் குழாய்களும் தளர்ந்து பிரஷர் இறங்கிவிடும். நல்ல இதயம் என்றால் சமாளிக்கும், என் இதயம் சமாளிக்காது. சரி, மருந்தைப் பாதியாகக் குறைத்தால்? பிரஷர் நிற்கும், ஆனால் கம்பி அடிக்கும்போது வலி தெரியும். வலியில் இதயம் துள்ளினால் அதுவும் ஆபத்து. முழு மயக்கத்துக்கும் என் நெஞ்சு தாங்குமா என்பது சந்தேகம். அதனால் அவர் மரக்கவைக்கிற மருந்தைப் பாதியாகக் குறைத்து, அதோடு வேறு ஒரு மருந்தில் சில சொட்டு சேர்ப்பார். ஃபென்டனில் என்று பெயர். அது பிரஷரை அவ்வளவாக இறக்காமல், வலியை மட்டும் தண்டுவடத்திலேயே மடக்கிவிடும். இரண்டும் தனித்தனியாகப் போதாது. சேர்ந்தால் போதும்.

எனக்கு இது உடனே பிடிபட்டது. மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொன்னால், புதிதாகப் பழகுகிறவன் ஆக்சிலேட்டரை மிதிமிதி என்று மிதிப்பான், இல்லாவிட்டால் கிளட்சை ஒரேயடியாக விட்டுவிடுவான். வண்டி ஒன்று குதிக்கும், இல்லை பின்னால் உருளும். இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம், அரை கிளட்சில் பிடித்தால் மேட்டிலும் வண்டி அசையாமல் நிற்கும். அதைத்தானே செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். ஆமாம் சார், அதேதான் என்றார். சொட்டு டாக்டர் என்று பெயர் வைத்தவர்கள் கிண்டலாக வைத்திருக்கலாம். கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா?

எல்லாம் கூடி வந்தது. வீட்டுக்காரியும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள். அது எந்த மாதிரி மருந்து என்று ஒரு பேச்சுக்குக் கேட்டாள். டாக்டர் மறைக்கவில்லை. மார்ஃபின் வகை மருந்து, அதனால்தான் பூட்டி வைத்திருப்போம், காலிக் குப்பியைக்கூட திருப்பிக் கணக்குக் காட்ட வேண்டும் என்றார். ஆகா, இவரும் என்னைப் போல் சாவிக்காரிதான் என்று நான் சிரிக்க வாயெடுத்தேன். அதற்குள் என் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டேன். ரத்தம் வற்றிப்போயிருந்தது.

"அது வேண்டாம்," என்றாள்.

டாக்டர் ஏன் என்று கேட்டார். அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். என் கையெழுத்து இருந்தால் போதும் என்று நர்ஸ் சொன்னாள். சட்டத்துக்குப் போதும், எனக்குப் போதாது. நான் கத்திய கத்தலை எல்லாம் இத்தனை வருடம் கேட்டுக்கொண்டு கூட இருந்தவள். அவள் மனசு ஒப்பாமல் நான் உள்ளே போய், அங்கேயே முடிந்துபோனால், மிச்ச காலம் முழுவதும் அவள் அதைச் சுமப்பாள். ஏம்மா, என்ன விஷயம் என்று நானும் கேட்டேன். நான் இவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை போல. திரும்பிப் பார்த்தாள்.

"சாகப்போறவங்களுக்குக் குடுக்கிற மருந்துங்க அது. எங்க அண்ணனுக்குக் குடுத்தாங்க."

அவளுடைய அண்ணன் புற்றுநோயில் போனவர். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாததை அன்றுதான் சொன்னாள். கடைசி நாட்களில் அண்ணி இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டாளாம். வலிக்கு மார்ஃபின் ஆரம்பிக்கலாமா என்று டாக்டர் வராந்தாவில் இவளைத்தான் கேட்டிருக்கிறார். இவள்தான் சரி என்றிருக்கிறாள். இரண்டே நாளில் அண்ணன் போய்விட்டார்.

"நான் தலையாட்டினேன், அவன் போயிட்டான். இப்ப இவருக்கும் நானே தலையாட்டணுமா?"

இத்தனை வருடம் பக்கத்தில் படுத்திருந்தவளுக்குள் இப்படி ஒரு பாரம் இருந்தது எனக்குத் தெரியவில்லை. ஊரில் உள்ளவன் கிளட்சை எப்படி மிதிக்கிறான் என்று சத்தத்தை வைத்தே சொல்கிற எனக்கு, இது கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மாடி டாக்டர் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. பயப்படாதீங்க, அது வேற இது வேற என்று படபடவென்று பாடம் நடத்தவும் இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். அந்த ஊசிக்கு முன்பு அண்ணன் எப்படி இருந்தார் என்று கேட்டார். தலையணையைக் கடித்துக்கொண்டு கத்துவான், யாரையும் அடையாளம் தெரியாது, என்றாள் இவள். ஊசிக்குப் பிறகு? தூங்கினான். நடுவில் எழுந்தாரா என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு தடவை முழிச்சான். என் பேரைச் சொல்லித் தண்ணி கேட்டான்."

"அதுக்கு முன்னாடி உங்க பேரைச் சொல்லி எவ்வளவு நாளாச்சும்மா?"

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரை எடுத்துக்கிட்டது நோய். மருந்து எடுத்தது வலியை மட்டும்தான். ரெண்டும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா நடந்ததால உங்களுக்கு ஒண்ணாத் தெரியுது. இவருக்கு நான் போடப்போறது அதுல ஒரு துளி. இவர் எந்திரிச்சு நடக்கிறதுக்காகப் போடறேன்."

அப்போதும் அவள் சரி என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிகளில் எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். உங்கள் அப்பாவாக இருந்தால் போடுவீர்களா? இப்படிக் கேட்டால் கட்டாயம் போடுவேன் என்பதுதான் டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். இவர் யோசித்தார்.

"அப்பாவுக்குன்னா எனக்குக் கை நடுங்கும்மா, போட மாட்டேன். வேற ஆளைப் போடச் சொல்லுவேன். ஆனா இந்த மருந்தைத்தான் போடச் சொல்லுவேன்."

அந்தப் பதிலில்தான் அவள் இளகினாள். ஆனாலும் என் வீட்டுக்காரி சும்மா ஒப்புக்கொள்கிறவள் இல்லை. உள்ளே நடப்பது வெளியே இருக்கிற எனக்கு எப்படித் தெரியும், அண்ணன் மாதிரி அசையாமல் கொண்டு வந்து போட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்டாள். டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். இந்த மருந்துக்கு ஒரு குறும்பு உண்டு, உடம்பில் அரிப்பு எடுக்கும், அதுவும் மூக்கில்தான் அதிகம் எடுக்கும், கெடுதல் எதுவும் இல்லை என்றார். வெளியே வரும்போது மூக்கைச் சொறிந்துகொண்டு வருவார், பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார்.

மறுநாள் காலை என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது மாடி டாக்டர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். வண்டியை எடுப்பதற்கு முன் டயரைத் தட்டிப் பார்த்து, கண்ணாடியைத் திருப்பி, பிரேக்கை மிதித்துப் பார்க்கிற டிரைவரை எனக்குப் பிடிக்கும். இவரும் ஒவ்வொரு குழாயையும் தொட்டுப் பார்த்தார். பிரஷர் இறங்கினால் ஏற்றுவதற்கான ஊசியை நிரப்பிக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். என் கையில் மெல்லிய ஊசி ஒன்றைச் செருகி, பிரஷர் நொடிக்கு நொடி திரையில் தெரியும்படி செய்தார். முறிந்த இடம் வலிக்காமல் திரும்பிப் படுக்க முதலில் தொடையிடுக்கில் ஒரு ஊசி. பிறகு முதுகில். எறும்பு கடித்த மாதிரி இருந்தது. காலில் சூடு பரவியது, கால் என்னுடையது இல்லை என்று ஆனது.

எலும்பு டாக்டர் வேலை செய்யும்போது கதை சொல்கிறவராம். பாதி மருந்தானால் மரத்துப்போவதும் சீக்கிரம் தெளிந்துவிடும். அதனால் இன்றைக்குக் கதை வேண்டாம், கை மட்டும் ஓடட்டும் என்று மாடி டாக்டர் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னார். சரிங்க மேடம் என்று அவர் அடங்கியதைப் பார்த்தபோது, அந்த அறையில் ஸ்டீயரிங் யார் கையில் இருந்தாலும் பிரேக் யார் காலடியில் இருக்கிறது என்று எனக்குப் புரிந்துபோயிற்று. கார் பழக்குகிற வண்டியில் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் உண்டு. ஆயுள் முழுவதும் அந்த சீட்டில் உட்கார்ந்து ஊர் உயிரைக் காப்பாற்றியவன், ஓரமாக உட்கார்ந்திருப்பவர் என்று இவரை ஏளனமாக நினைத்தேன். எனக்கு ஒரு குட்டு வைக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

தலைமாட்டில் உட்கார்ந்த டாக்டர், தனக்குக் கார் ஓட்டத் தெரியாது, மேட்டில் எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடுங்கள் என்றார். எனக்கு வேறு என்ன வேண்டும்? ஆரம்பித்துவிட்டேன். கீழே சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கட்டில் பூட்டுகிற மாதிரி. வலி? ஒரு பொட்டு இல்லை. இடது காலைப் பாதி விடணும், வலது காலால் லேசாக அழுத்தணும், வண்டி மூக்கைத் தூக்கும், அப்போது ஹேண்ட் பிரேக்கை என்று சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு ஹேண்ட் பிரேக் என்ற வார்த்தை பாதியில் நின்றுவிட்டது. விளக்கு மங்கியது. நாக்கு கனத்தது.

திரை சத்தம் போடுவதற்கு முன்பே அவர் எழுந்துவிட்டார். என் பேச்சு தளர்ந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவா அவர் என்னைப் பேசவைத்தார்? என் குரலைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தயாராக வைத்திருந்த ஊசியை எடுத்தார். கொஞ்சம் செலுத்தினார், திரையைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் செலுத்தினார். பதற்றம் இல்லை, அவசரம் இல்லை. விளக்கு பழையபடி பிரகாசமானது.

"ஹேண்ட் பிரேக்கை என்ன சார் பண்ணணும்?" என்று கேட்டார்.

"மெதுவா விடணும்," என்றேன். எனக்கு அழுகை வந்தது. உயிரோடு இருக்கிறேன் என்ற சந்தோஷத்தில் வந்த அழுகை. அதை மறைக்கவில்லை.

அதன்பிறகு பிரஷர் அசையவில்லை. மேட்டில் நிற்கிற வண்டி மாதிரி நின்றது. கொஞ்ச நேரத்தில் மூக்கு நுனியில் ஊறல் ஆரம்பித்தது. கைகள் இரண்டிலும் குழாய், தூக்க முடியாது. கோபம் குடியிருந்த அதே இடத்தில் இப்போது அரிப்பு குடிவந்துவிட்டது என்றேன். டாக்டர் ஒரு பஞ்சுத் துணியை எடுத்து, வேறு யாரையும் ஏவாமல், தானே என் மூக்கைத் தேய்த்துவிட்டார். ஒரு பக்கெட் தண்ணீருக்காக அவரைக் கீழே இறங்கி வரவைத்தவன் நான்.

எலும்பு டாக்டர் அன்று தன் வாழ்நாளிலேயே வேகமாக வேலையை முடித்தாராம். கடைசித் தையல் போட்டதும் நிமிர்ந்து, "சார், ரிவர்ஸ்ல எதையும் இடிக்கல," என்றார். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாடி டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வேலை இன்னும் முடியவில்லை. பிறகும் வெகுநேரம் என்னைப் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு, மூச்சையும் பிரஷரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கால் கட்டை விரல் ஆடியதும்தான் வெளியே அனுப்பச் சொன்னார்.

கதவு திறந்தது. வீட்டுக்காரி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். ஸ்ட்ரெச்சர் தள்ளியவன் திருப்பத்தில் வேகமாக ஒடித்தான். எனக்குப் பொறுக்குமா? "திருப்பத்துல வேகத்தைக் குறைப்பா, யாரு உனக்கு லைசன்ஸ் குடுத்தது," என்று ஒரு கையால் மூக்கைச் சொறிந்துகொண்டே அவனைத் திட்டினேன். வீட்டுக்காரி என் மூக்கையே பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து நான் திட்டுவதை அவள் இவ்வளவு சந்தோஷமாகக் கேட்டதில்லை.

மறுநாளே நிற்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்து நாலு கால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், பிறகு கைத்தடி. பெரிய ஆஸ்பத்திரி இதய டாக்டரைப் பார்க்க நடந்தே உள்ளே போனேன். அவர் என்னையும் என் சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் என் கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு ராஜா மாதிரி உட்கார்ந்தேன். யார் மயக்கம் கொடுத்தது என்று கேட்டார். எங்கள் மாடி டாக்டர் என்று சொல்லும்போது என் குரல் அந்தக் கட்டிடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

படியேறலாம் என்று அனுமதி கிடைத்த நாள், நான் எங்கே போவேன் என்று என்னைக் கேட்க வேண்டுமா? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து, ஏறினேன். வீட்டுக்காரி பின்னால் வந்தாள். நான் விழுந்தால் அவள் எப்படிப் பிடிப்பாள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். ஆனாலும் வந்தாள். மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

டாக்டர் திறந்தார். அவருடைய கண் என் முகத்துக்கு வரவில்லை. நேராக என் கால்களுக்குப் போனது. இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டவர், என்னை உட்காரச் சொல்ல மறந்து தானே உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஊசி போட்டவங்க யாரும் இப்படி என்னைத் தேடி நடந்து வந்து நான் பாத்ததில்ல சார்," என்றார். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான்.

இடுப்பிலிருந்து மோட்டார் பெட்டியின் சாவியை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். இனிமேல் மோட்டார் உங்கள் பொறுப்பு, எப்போது வேண்டுமோ போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். நன்றி என்ற வார்த்தை எனக்கு வாயில் பழக்கமில்லை. அதைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது.

வீட்டுக்காரி அதுவரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே வந்தாள். இவ்வளவு நாளும் கேட்கத் துணியாததை அப்போது கேட்டாள்.

"எங்க அண்ணனுக்கு அன்னிக்கு நான் தலையாட்டினது சரிதானே டாக்டரம்மா?"

"சரிதாம்மா," என்றார் டாக்டர். "ரொம்பச் சரி."

அவள் ஒரு நீண்ட மூச்சு விட்டாள். தோள் இரண்டும் இறங்கின. அண்ணன் போன நாளிலிருந்து தூக்கிக்கொண்டு நின்ற தோள்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு அவள் டாக்டருக்கும் எனக்கும் டீ போட, தன் வீடு மாதிரி, மாடிச் சமையலறைக்குள் போனாள்.

திரும்பும்போது தைரியம் தலைக்கேறிவிட்டது. கைத்தடியை அக்குளில் செருகிக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல் முதல் படியில் காலை வைத்தேன். "பிடிச்சிட்டு இறங்குங்க," என்று பின்னாலிருந்து இரண்டு பேரும் ஒரே குரலில் அதட்டினார்கள். கிளட்ச் வாத்தியாரான நான் வாயைத் திறக்காமல் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.